பொறுப்பும் பாராட்டும்

ஊதியம் உயர்ந்தால் ஈடுபாடும் உயரும் என்றே பலரும் எண்ணுகிறோம். அமெரிக்க உளவியலாளர் பிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்கள், கணக்காளர்களிடம் பணியில் மிகவும் மகிழ்ந்த நேரத்தையும் மனம் வெறுத்த நேரத்தையும் கேட்டறிந்தார். முடிவுகள் 1959இல் நூலாக வந்தன. வெறுப்புக்குப் பெரிதும் நிருவாக நடைமுறை, மேலதிகாரியின் போக்கு, பணிச்சூழல் போன்றவை காரணமாயின. மகிழ்ச்சிக்கோ சாதித்த நிறைவு, பாராட்டு, பொறுப்பு, வேலையின் தன்மை. அதாவது, குறையை நீக்கினால் முணுமுணுப்பு அடங்கும். ஆர்வம் தானாகப் பிறந்துவிடாது.

அதற்காகக் குறைகளை விட்டுவிட முடியாது. சம்பளம் வராத மாதத்தில் பகுதிநேர ஆசிரியரிடம் பாராட்டு எடுபடுமா? ஆனால் ஊதியம் தலைமையாசிரியர் கையில் இல்லை. பொறுப்பைப் பகிர்வது அவர் கையில்தான் இருக்கிறது.

நூலகப் பொறுப்பைப் பெரும்பாலும் சாவியாகத்தான் ஒப்படைக்கிறோம். (ஆண்டாய்வுக்கு முதல்நாள் மட்டும் பதிவேடு நினைவுக்கு வருவது தனிக்கதை.) எந்த நூலை எந்த வகுப்புக்கு, எப்போது வழங்குவது என்ற முடிவையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது பொறுப்பு. இல்லையேல் கூடுதல் வேலை.

பாராட்டும் அப்படியே. "நன்றாகச் செய்கிறீர்கள்" என்பது யாருக்கும் பொருந்தும். "எழுத்துக் கூட்டவே திணறிய அந்தப் பையன் நேற்று ஒரு பக்கத்தைத் தானாக வாசித்தான், டீச்சர்" என்பது அந்த ஆசிரியருக்கு மட்டுமே உரியது. அதைச் சொல்ல, தலைமையாசிரியர் வகுப்பில் பத்து நிமிடமாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.