இணையத்தளம் இருக்க, செயலி எதற்கு?

காப்பார் வட்டாரத்தில் முறுக்கு, சேலை, பூமாலை என்று வீட்டிலிருந்தபடியே வியாபாரம் செய்வோர் உண்டு. உங்கள் பிள்ளைகளும் அதற்கென ஓர் இணையத்தளம் அமைத்திருக்கலாம். அதைக் கைப்பேசிச் செயலியாக மாற்றித் தருகிறேன், சில ஆயிரம் வெள்ளி போதும் என்று யாராவது வந்தால், சேமிப்பை எடுத்துக் கொடுக்குமுன் சற்று யோசியுங்கள்.

பெங்களூரில் மிந்திரா என்றொரு நிறுவனம். இணையத்தில் துணி விற்பது அதன் தொழில். 2015 மே 15-இல் தன் இணையத்தளத்தை மூடிவிட்டுச் செயலியில் மட்டும் விற்கத் தொடங்கியது. பெரிய திரையில் புடவையின் கரையைப் பார்த்து வாங்குகிறவர்கள் சும்மா இருப்பார்களா? 2016 ஜூனில் தளத்தை மறுபடியும் திறக்க வேண்டியதாயிற்று.

செலவைக் கேளுங்கள். கூகுளில் பதிய ஒரே முறை 25 அமெரிக்க டாலர். ஆப்பிளுக்கோ ஆண்டுதோறும் 99 டாலர். தளத்தை அப்படியே சட்டம் போட்டு அனுப்பினால் ஆப்பிள் திருப்பியும் அனுப்பிவிடும். முறுக்கு, சேலை விற்பனையில் இருவரும் தரகு கேட்பதில்லை, அதுவரை நிம்மதி!

தீபாவளிக்கு இரண்டு டின் முறுக்கு வாங்குகிறவர் அதற்கென்று ஒரு செயலியை இறக்கி வைத்துக்கொள்வாரா? தினமும் சாப்பாடு அனுப்புகிறவர் என்றால் கதை வேறு. இன்று என்ன கறி என்று மணியடித்துச் சொல்லச் செயலி உதவும்.

மற்றவர்களுக்குக் காசில்லாத வழி ஒன்று உண்டு. கைப்பேசியில் தளத்தைத் திறந்து, 'முகப்புத் திரையில் சேர்' என்பதை அழுத்தினால் செயலி போலவே ஒரு சின்னம் வந்து உட்காரும். அதற்குமுன் தளத்தைப் பாட்டியின் கையில் கொடுத்துப் பாருங்கள்: எழுத்து தெரிகிறதா, ஆர்டர் பொத்தான் விரலுக்கு அகப்படுகிறதா?