மூக்கில் ஒரு ஒண்டுக்குடித்தனம்

உங்கள் மூக்குக்குள் வாடகை கொடுக்காமல் ஓர் ஆசாமி குடியிருக்கிறான் என்றால் நம்புவீர்களா? சிரிக்காதீர்கள். பத்துப் பேரில் சுமார் மூன்று பேரின் மூக்கில் 'ஸ்டபிலோகாக்கஸ் ஆரியஸ்' என்ற கிருமி குடித்தனம் நடத்துகிறது. சும்மா இருக்கும்வரை சாதுதான். புண்ணிலோ, ஆபரேஷன் தையலிலோ புகுந்தால் சீழ் பிடிக்கும். இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

1928-ல் அலெக்ஸாண்டர் பிளெமிங்கின் தட்டில் பூஞ்சணம் பட்டு மடிந்தது இந்தக் குடும்பத்துக் கிருமிதான். பெனிசிலின் பிறந்தது அப்படித்தான். நாளடைவில் கிருமி பெனிசிலினுக்கு மசியவில்லை. 1959-ல் மெதிசிலின் வந்தது. 1961-லேயே அதற்கும் அசையாத கிருமியை இங்கிலாந்தில் கண்டார்கள். டாக்டர்கள் 'எம்.ஆர்.எஸ்.ஏ.' என்பது இதைத்தான்.

நம் பக்கம் எப்படி? தமிழ்நாட்டு ஆராய்ச்சி ஒன்று 2006-ல் வெளியாயிற்று. நோயில்லாமல் கிருமியை மட்டும் சுமந்தவர்களிடம் கிடைத்த 103 ஸ்டபிலோகாக்கஸ் மாதிரிகளில் 39 இந்த முரட்டு ரகம்!

கவரைப்பேட்டையில் விடியற்காலை மின்சார ரயிலேறி, சென்னை ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும் நர்ஸ் ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சுமதி என்று பெயர் வைப்போம். நாளெல்லாம் நோயாளிகளின் புண்ணைத் துடைத்துக் கட்டுகிறவள். ஒரு நாள் பரிசோதனையில் அவள் மூக்கிலும் அந்தக் கிருமி இருப்பது தெரிகிறது. "ஐயோ, குழந்தையைத் தூக்கலாமா? தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கணுமா?" என்று மாமியார் பதறுகிறாள்.

வேண்டாம், அம்மா! சுமதி நோயாளியுமல்ல, குற்றவாளியுமல்ல. பிறருக்குச் செய்த பணிவிடையில் ஒட்டிக்கொண்டது அது. ஆறாத புண், கட்டி எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலும் வேலையிலிருந்து நிற்க வேண்டியதுகூட இல்லை.

சிகிச்சை தேவை என்று டாக்டர் சொன்னால், 'முப்பிரோசின்' களிம்பை இரண்டு மூக்குத் துவாரங்களிலும் தினம் இரண்டு மூன்று வேளை, ஐந்து நாள் தடவவேண்டும். கூடவே 'குளோர்ஹெக்சிடின்' கலந்த திரவத்தால் குளியல். துண்டு, தலையணை உறையை அடிக்கடி மாற்றித் துவைக்கவேண்டும். பிறகு மறுபடி பரிசோதனை. வேடிக்கை என்னவென்றால், முப்பிரோசினும் ஒரு பாக்டீரியா தந்த மருந்துதான். முள்ளை முள்ளால் எடுக்கிறோம்!

போன குடித்தனக்காரன் சில சமயம் திரும்பி வருவதுண்டு. ஆகவே களிம்பைவிட முக்கியம் கை கழுவுவது. ஒரு நோயாளியைத் தொட்ட கை, கழுவாமல் அடுத்தவரைத் தொடக்கூடாது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகும் நமக்கும் இதே விதிதான். வீட்டில் ஆளுக்கொரு துண்டு இருக்கட்டும்.

இன்னொன்று, கிருமியை முரடனாக்குவதில் நம் பங்கும் உண்டு. ஜலதோஷத்துக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கேட்கிறோம்; போன மாதம் மிஞ்சிய மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்கிறோம். முக்கியமான பல ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டைப் பார்த்து, பதிவேட்டில் எழுதிய பிறகே விற்கவேண்டும் என்ற விதி 2014-லிருந்து அமலில் இருக்கிறது. ஆனால் நம் வீட்டு அலமாரிக்குக் காவல் நாம்தானே?

இன்று மாலை சுமதி வீடு திரும்பும்போது, டம்ளரைத் தனியே எடுத்து வைக்காதீர்கள். கை கழுவச் சோப்பை நீட்டுங்கள். பிறகு சூடாகக் காப்பி கொடுங்கள்.