அறைக்கு வண்ணம் பூச எத்தனை லிட்டர் வேண்டும்?

நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாட்கள் இருக்கும்போதுதான் பலருக்கும் வீட்டுச் சுவர் கண்ணில் படுகிறது. பெயிண்டரை அழைக்கிறோம். வாசலில் நின்றபடியே அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பத்து லிட்டர் வாங்கிவிடுங்கள்" என்கிறார். மறுபேச்சின்றி வாங்கிவிடுகிறோம். வேலை முடிந்தபின் மிச்சம் பரணில் ஏறி, அடுத்த ஆண்டு கட்டியாகிக் குப்பைக்குப் போகிறது.

ஸ்ரீபெரும்புதூரில் 2005 முதல் ஏஷியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை இயங்கி வருகிறது. வண்ணம் நம் பக்கத்து ஊரிலேயே தயாராகிறது. அதை அளந்து வாங்கும் கணக்கை மட்டும் நாம் பிறரிடம் விட்டுவிடுகிறோம். வாலாஜாபாத், ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைப் பணியாளர்களுக்கு வாடகைக்கு விட வரிசையாக அறை கட்டுவோருக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். ஓர் அறைக்கு ஒரு லிட்டர் கூடினாலும் எட்டு அறைகளுக்கு எட்டு லிட்டர் அல்லவா?

அன்புச் சகோதரிகளே, தையல் நாடா ஒன்றும் பென்சிலும் இருந்தால் போதும். முதலில் ஒன்றை நினைவில் வையுங்கள்: வண்ணம் பூசுவது சுவருக்கு, தரைக்கு அன்று. "நூற்றிருபது சதுர அடி அறை" என்று கடையில் சொல்வதால் பயனில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் சுற்றளவு 44 அடி. உயரம் 10 அடி என்றால் சுவர்ப்பரப்பு 440 சதுர அடி. ஆறுக்கு இருபது என்று நீளவாக்கில் கட்டிய அறைக்கும் தரை அதே 120 சதுர அடிதான். ஆனால் சுற்றளவு 52 அடி, சுவர் 520 சதுர அடி! ஒடுங்கிய அறை அதிக வண்ணம் குடிப்பதன் இரகசியம் இதுவே.

முதல் அறையையே எடுத்துக்கொள்வோம். கதவுக்கு 7 × 3 = 21, சன்னலுக்கு 4 × 4 = 16; ஆக 37 சதுர அடியைக் கழித்தால் 403. சிறு காற்றுத்துளைகளைக் கழிக்க வேண்டியதில்லை. அரை சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்புகளை அரசுப் பணிகளின் அளவைக் கணக்கிலும் கழிப்பதில்லை. கூலிக் கணக்கில் சன்னலையும் கதவையும் பெயிண்டர் கழிக்க மறுத்தால் சண்டையிடாதீர்கள். விளிம்பு ஓரங்களில் தூரிகை பிடிக்கும் நேரம் அவருடையது.

அடுத்து, டப்பாவில் அச்சிட்ட பரப்பளவைப் பாருங்கள். ஒரு பூச்சுக்கா, இரண்டு பூச்சுக்கா என்று கவனித்துப் படிப்பது அவசியம். இரண்டு பூச்சுக்கு லிட்டருக்கு 120 முதல் 140 சதுர அடி என்றிருந்தால், அது வழவழப்பான சுவருக்குரிய எண். நம் சுவருக்கு 110 என்றே கொள்ளுங்கள். 403-ஐ 110-ஆல் வகுத்தால் 3.66; நான்கு லிட்டர் டப்பா ஒன்று போதும். நீண்ட அறைக்கு இதே முறையில் 4.39 வரும், நான்கு லிட்டரும் ஒரு லிட்டரும் வாங்குங்கள். கூரைக்கு வெள்ளை என்றால் அதைத் தனியே கணக்கிடுங்கள்.

இந்தக் கணக்கு, பட்டி பார்த்துப் பிரைமர் அடித்த சுவருக்கே பொருந்தும். பழைய சுண்ணாம்பு உதிரும் சுவரைச் சுரண்டாமல் பூசினால் எத்தனை லிட்டரும் பற்றாது. அடர்நிறத்தின் மேல் இளநிறம் பூசுவதானால் மூன்றாம் பூச்சுக்கும் சேர்த்து வாங்க வேண்டும்.

குறைத்து வாங்குவதும் தொல்லைதான். இன்று கடைகளில் எந்திரம் நிறம் கலந்து தருகிறது. கலந்ததைக் கடைக்காரர் பொதுவாகத் திரும்ப வாங்குவதில்லை. மறுமுறை கலக்கும்போது நிறம் சற்றே மாறவும் கூடும். ஆகவே ஒரு சுவரின் நடுவில் டப்பா தீர்ந்துவிடக் கூடாது. இரண்டு டப்பாக்கள் இருந்தால் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்த பிறகு தொடங்கச் சொல்லுங்கள்.

பற்றாக்குறைக்குப் பரணில் கிடக்கும் பழைய எனாமலை எடுக்க வேண்டாம். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் என்ன இருந்ததென்று யார் அறிவார்? பழைய எனாமல் பூசிய கதவை உப்புத்தாளால் தேய்ப்பதானால் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அன்று வேறு அறையில் இருக்கட்டும்.

வேலை முடிந்தபின் கால் லிட்டர் மிஞ்சினால் நல்லது. சிறு பாத்திரத்தில் காற்றுப் புகாமல் மூடி, நிறத்தின் எண்ணையும் பூசிய தேதியையும் மூடியில் எழுதி வையுங்கள். ஆணி பிடுங்கிய இடத்தைச் சரிசெய்ய உதவும்.