மாதச் சந்தாவும் மனக்கணக்கும்

கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டை 1958-ல் தொடங்கப்பட்டது. அங்கே ஒரு தலைமுறை தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கும் லேத் இயந்திரங்களை இன்றும் பார்க்கலாம். பேரிங் தேய்ந்தால் மாற்றுகிறார்கள், பெல்ட் அறுந்தால் வேறு போடுகிறார்கள். விற்ற நிறுவனமே மூடப்பட்டிருந்தாலும் வேலை நிற்பதில்லை. அதே பட்டறையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் கணினியின் கதை வேறு. வரைபடம் போடும் மென்பொருளின் சந்தா முடிந்துவிட்டால் அது திறக்காது. ஆண்டுக்கணக்கில் வரைந்து சேர்த்த ட்ராயிங்குகள் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். இலவச மென்பொருள் ஒன்றில் அவற்றைப் பார்க்கலாம், பிரின்ட் எடுக்கலாம். ஆனால் ஆர்டர் கொடுத்தவர் ஒரு துளையை அரை மில்லிமீட்டர் நகர்த்தச் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

2013 மே மாதம், பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது: முழு விலை கொடுத்து வாங்கக்கூடிய கடைசிப் பதிப்பு சிஎஸ்6; இனி புதியது வேண்டுமென்றால் சந்தாதான். ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க், தன் பெரும்பாலான தனி மென்பொருள்களுக்கு நிரந்தர உரிமம் விற்பதை 2016 ஜனவரி 31-உடன் நிறுத்தியது. தமிழர்களுக்கு இதில் தனி வருத்தமும் உண்டு. பேஜ்மேக்கரிலும் பழைய எழுத்துருக்களிலும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நம் டிடிபி கடைகளுக்கு, யூனிகோடு தமிழை இன்டிசைன் முறையாக ஏற்றுக்கொண்டது 2012-ல் வந்த அந்த சிஎஸ்6 பதிப்பில்தான். தமிழுக்குக் கதவு திறந்த மறு ஆண்டே, சொந்தமாக வாங்கும் வழி அடைபட்டது.

நிறுவனங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பதில் ரகசியம் இல்லை. அடோபியின் ஆண்டு வருமானம் 2012-ல் சுமார் 440 கோடி டாலர். சந்தாவுக்கு மாறிய ஆண்டில் 406 கோடியாகச் சரிந்தது. 2024-ல் 2,150 கோடி டாலர்.

வாடிக்கையாளரின் கோபத்துக்குக் காரணம் விலை மட்டும்தானா? இதற்கு விடை தேட, பொருளியலையும் உளவியலையும் சேர்த்துப் படித்தவர்களிடம் போகலாம். கானமன், நெட்ச், தேலர் மூவரும் 1990-ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களில் சிலருக்குக் காபிக் கோப்பைகளைக் கொடுத்தார்கள். கையில் கிடைத்துச் சில நிமிடங்களே ஆன கோப்பையை விற்க அவர்கள் கேட்ட விலை ஏறக்குறைய 7 டாலர். கோப்பை கிடைக்காதவர்கள் அதையே வாங்கத் தர முன்வந்தது 3 டாலருக்கும் குறைவு. நம்முடையது என்று ஆன கணத்திலேயே ஒரு பொருளின் மதிப்பு மனதில் இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. சில நிமிடக் கோப்பைக்கே இப்படியென்றால், பல ஆண்டுகள் கைபழகிய மென்பொருளையும் அதில் உருவான சொந்த உழைப்பையும் இனி வாடகைக்குத்தான் தருவோம் என்றால் எப்படி இருக்கும்?

‘தவணை கட்டிப் பழகியவர்கள்தானே, சந்தா கட்டினால் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. டிராசென் பிரிலெக்கும் ஜார்ஜ் லோவன்ஸ்டைனும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். சுற்றுலாவுக்கு என்றால் முன்கூட்டியே பணம் கட்டிவிடப் பெரும்பாலோர் விரும்பினார்கள். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு என்றால், பயன்படுத்திக்கொண்டே தவணை கட்டுவதை விரும்பினார்கள். நீண்ட நாள் உழைக்கும் பொருளுக்குத் தவணை கட்ட மனம் ஒப்புகிறது. தொழிற்பேட்டைக்காரர்கள் சிஎன்சி இயந்திரத்தை வங்கிக் கடனில்தான் வாங்குகிறார்கள், முகம் சுளிப்பதில்லை. ஏனென்றால் இஎம்ஐ-க்குக் கடைசி மாதம் என்று ஒன்று உண்டு. அதற்குப் பிறகு இயந்திரம் அவர்களுடையது. சந்தாவுக்கு அந்தக் கடைசி மாதம் இல்லை. பத்தாண்டு கட்டினாலும் பதினோராவது ஆண்டு கையில் ஒன்றும் மிஞ்சாது. கசப்பின் வேர் இதுதான் என்பது என் கருத்து.

மறதி இன்னொரு பக்கம். அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களை ஆராய்ந்த டெல்லாவிக்னாவும் மால்மெண்டியரும் 2006-ல் எழுதியது இது: மாதம் 70 டாலருக்கு மேல் கட்டிய உறுப்பினர்களுக்கு, போன நாள்களைக் கணக்கிட்டால் ஒரு முறைக்கு 17 டாலருக்கு மேல் செலவானது. பத்து முறைக்கான சீட்டை வாங்கினால் ஒரு முறைக்கு 10 டாலர்தான்; அதுவும் அங்கேயே கிடைத்தது. போகாத நாளுக்கும் மனிதர்கள் பணம் கட்டுகிறார்கள், நிறுத்துவதைத் தள்ளிப்போடுகிறார்கள். இந்தத் தயக்கத்தின் மீது வியாபாரம் கட்டினால் அது நேர்மையல்ல. சந்தாவை இடையில் நிறுத்தினால் விழும் கட்டணத்தை மறைத்ததாக, 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மீது வழக்கே தொடர்ந்தது.

எல்லாச் சந்தாவும் மோசம் என்று சொல்லிவிட முடியாது. சோஹோ, ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று சென்னையில் வளர்ந்த நிறுவனங்கள் சந்தாவில் வாழ்பவை. சந்தா வசூலைக் கையாளும் மென்பொருளையே விற்கும் சார்ஜ்பீயும் இங்கே பிறந்ததுதான். நிறுவனத்தின் சர்வரில் இரவு பகலாக ஓடும் மின்னஞ்சலுக்கோ வாடிக்கையாளர் சேவைக்கோ மாதாமாதம் செலவு இருக்கிறது, மாதாமாதம் கேட்பது நியாயம். நம் கணினியில், நம் மின்சாரத்தில் ஓடும் வரைபட மென்பொருளுக்குப் பூட்டுப் போடுவது தொழில்நுட்பத்தின் கட்டாயம் அல்ல, வியாபார முடிவு. புதிய பதிப்பு வேண்டுமானால் பணம், பழையது உன்னுடையதே என்ற முறை நேற்றுவரை நடந்ததுதானே?

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மென்பொருள் சந்தா போன்றவை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில், வெளியேற விடாத சந்தாப் பொறியும் ஒன்று. இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் சொல்லாமல் பணம் பிடிப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

சட்டத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. 2024 நவம்பரில் ஃப்ரீகேட் என்னும், வரைபடம் போடும் கட்டற்ற மென்பொருள் தன் 1.0 பதிப்பை எட்டியது. சிக்கலான டை வேலை எல்லாவற்றையும் அது ஈடுகட்டும் என்று சொல்ல மாட்டேன். எளிய பாகங்களுக்கு ஈடுகட்டும். பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கான சிப்பெட், அரசு ஐடிஐ, சிறு தொழில் வளர்ச்சி அலுவலகம் எல்லாமே கிண்டியில்தான் இருக்கின்றன. விலை உயர்ந்த மென்பொருளோடு ஃப்ரீகேட்டையும் இவை பாடத்தில் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சந்தா உயிரோடு இருக்கும்போதே உங்கள் வரைபடங்கள் அனைத்தையும் ஸ்டெப், டிஎக்ஸ்எஃப் வடிவங்களிலும் ஒரு பிரதி சேமித்துவிடுங்கள். வேறு மென்பொருள்களிலும் அவை திறக்கும். சொல்லாமல் பணம் பிடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.