ஒரு நிறத்துக்கு ஒரு திரை

விளையாட்டு விழாவோ சுற்றுலாவோ எது வந்தாலும், படம் அச்சிட்ட பனியன் சட்டையும் உடன் வந்துவிடுகிறது. அதை அணிந்து மகிழும் நாம், அந்தப் படம் துணியில் எவ்வாறு ஏறியது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? மை இழுப்பவரின் கைத்திறனால் என்போம். அது பாதி உண்மைதான். சட்டை நன்றாக வருமா, கெடுமா என்பது பெரும்பாலும் அதற்கு முன்பே, படத்தை நிறம் நிறமாகப் பிரிக்கும் மேசையில் முடிவாகிவிடுகிறது.

மார்கழியில் கோல அச்சைப் பார்த்திருக்கிறோம். துளையிட்ட தகட்டில் மாவைத் தூவினால், துளை உள்ள இடத்தில் மட்டும் கோலம் விழுகிறது. திரை அச்சு, அதாவது ஸ்கிரீன் பிரிண்டிங், இதன் தங்கையே. மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணிதான் திரை. படம் உள்ள இடம் திறந்திருக்கும். மற்ற இடம் அடைபட்டிருக்கும். ரப்பர் பட்டையால் மையை இழுத்தால், திறந்த இடத்தின் வழியே மை துணியில் இறங்கும். இம்முறைக்கு இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் 1907-இல் காப்புரிமை பெற்றார். அன்று வலை பட்டுத் துணி, இன்று பாலியெஸ்டர்.

ஒரு திரை ஒரு நிறத்தையே இறக்கும். நம் கரைக்கு இது புதிதன்று. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி 1690-இல் விலைக்கு வாங்கியதே இக்கரையின் துணி வணிகத்தை நாடித்தான். மரக்கட்டை அச்சிலும் நிறத்துக்கு ஒரு கட்டை வேண்டும். எனவே அச்சிடும் முன் படத்தைப் பிரித்தே ஆக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்துக்குச் சுற்றுலா செல்ல, கருநீலச் சட்டையில் ஒரு படம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பச்சைச் சுரபுன்னைக் காடு, நீலத் தண்ணீர், வெள்ளைக் கொக்கு, அதன் மஞ்சள் அலகு, பழுப்பு வேர், மஞ்சள் எழுத்து. எண்ணினால் ஐந்து நிறம். ஐந்து திரையும் வேண்டுமா? சட்டையே நீலம், தண்ணீர் இருக்கும் இடத்தை அச்சிடாமல் விட்டால் துணியே தண்ணீராகிவிடும். வேரையும் பச்சையிலேயே வரையலாம். மிஞ்சுவன வெள்ளை, மஞ்சள், பச்சை ஆகிய மூன்றே.

இனி ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிலிம். வியப்பு என்னவெனில், மூன்று பிலிமும் கறுப்பாகவே இருக்கும். திரையில் பூசும் மருந்து, ஒளி பட்ட இடத்தில் இறுகிவிடும். பிலிமின் கறுப்பு ஒளியை மறைத்த இடத்தில் இறுகாமல் இருந்து, தண்ணீரில் கழுவினால் கரைந்து வழி திறக்கும். ஆகவே கறுப்பு ஒளி புகாத கறுப்பாக இருத்தல் வேண்டும். சாம்பல் நிறம் பயன்படாது. நிறத்தைத் தருவது மையே. பிலிம் இடத்தை மட்டுமே சொல்கிறது.

இருண்ட துணியில் பச்சையும் மஞ்சளும் மங்கிப்போகும். அதனால் அவற்றின் அடியில் வெள்ளையை முதலில் அச்சிட்டுக் காயவைக்கிறார்கள். நம் படத்தில் கொக்குக்கும் அடிப்பூச்சுக்கும் ஒரே வெள்ளைத் திரை போதும். அடிப்பூச்சை அரை மில்லிமீட்டருக்குள் ஓரம் சுருக்கி வரைய வேண்டும். இல்லையேல் இலையின் விளிம்பில் வெள்ளை எட்டிப் பார்க்கும். மஞ்சள் அலகு பச்சை இலையைத் தொடும் இடத்தில், மஞ்சளைப் பச்சையின் கீழே சிறிது நீட்ட வேண்டும். துணி சற்று நகர்ந்தாலும் நடுவே இடைவெளி தெரியாது. மூன்று பிலிமிலும் ஒரே இடத்தில் மேலும் கீழும் சிலுவைக் குறி இடுவது மிக முக்கியம். குறி குறியோடு பொருந்தினால் படம் படத்தோடு பொருந்தும். பொருத்திய பின் குறிகளைத் திரையில் டேப் ஒட்டி மறைத்துவிட்டுச் சட்டையை வைப்பார்கள்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் தேவை. ண, ஞ போன்றவற்றின் சிறு சுழிகள் மையில் அடைபட்டுவிடும். எழுத்தைச் சற்றுப் பெரிதாக்குவதே நலம்.

இத்தனை கவலை ஏன்? 60 சட்டைகளுக்கு ஐந்து நிறமெனில் குறைந்தது 300 முறை மை இழுக்க வேண்டும். மூன்று நிறமெனில் 180 முறை போதும். உழைப்பும் செலவும் குறைய, ஏழைப் பெற்றோரும் தம் மகளுக்கு ஒரு சட்டை வாங்கலாம். தாளில் தவறினால் அழிக்கலாம். துணியில் காய்ந்த மையை அழிக்க இயலாது. பிலிமில் ஒரு பிழை இருந்தால் அறுபது சட்டையிலும் அறுபது பிழை.

மற்றொன்றும் உண்டு. சாயக் கழிவு நொய்யலில் கலந்ததால், திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. துணிக்கு அழகு சேர்க்கும் தொழில் ஆற்றை அழித்தால் யாருக்கு என்ன பயன்? தேவையற்ற நிறத்தை மேசையிலேயே நீக்கினால், கழுவும் திரை ஒன்று குறையும். கெடிலத்தை நோக்கி ஓடும் அழுக்கும் அந்த அளவு குறையும். மீந்த மையைச் சாக்கடையில் கொட்டாமல் வழித்தெடுத்து வைப்பதும், திரை மருந்தைக் கையுறையோடு தொடுவதும் பழக வேண்டியவை.

இன்று கணிப்பொறி நிறங்களை நொடியில் பிரித்துத் தரும். எந்த நிறம் வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிப்பது மட்டும் நம் கண்ணும் அறிவுமே. ஆர்வமுள்ள மாணவியர் ஒரு படத்தை எடுத்து, நிறத்துக்கு ஒன்றாக டிரேசிங் தாளில் கறுப்பு மையால் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். தாள் மட்டுமே செலவு. கற்பதோ ஒரு தொழிலின் அடிப்படை. வரையத் தெரிந்த பெண்ணுக்குப் பிரிக்கவும் தெரிந்துவிட்டால், அச்சுப் பட்டறையில் அவளுக்கென்று ஒரு மேசை காத்திருக்கும்.