பழைய கணினியும் வலையமைப்புச் செலுத்தியும்

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை முன்னாளில் ஒரு சிறிய புகையிரதப் பாதை இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த அப்பாதை 1940களில் ஒழிந்தது. கொழும்பிலிருந்து வரும் பெரும்பாதையின் அகலம் ஐந்தடி ஆறங்குலம். இராகலைப் பாதையின் அகலமோ இரண்டடி ஆறங்குலம். பெரிய வண்டி இராகலைக்கு ஏறிவரவும், சிறிய வண்டி கொழும்புக்கு இறங்கிச் செல்லவும் இயலாது. ஆதலின், இரயிலில் அனுப்பப்பெற்ற தேயிலைப் பெட்டிகள் நானுஓயாவில் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மறுவண்டியில் ஏற்றப்பட வேண்டியனவாயின. அவ்வேலை நின்றுவிடின், இரு பாதைகளும் செவ்வையாக இருந்தும் சரக்கு நகராது.

கணினியினுள்ளும் இத்தகைய நானுஓயா ஒன்று உண்டு. அதற்குச் செலுத்தி என்று பெயர். 'டிரைவர்' எனப் பலரும் வழங்குவது இதனையே. வலையமைப்பு அட்டைக்குரிய செலுத்தி இல்லாத பழைய கணினியொன்றை இணையத்துடன் சேர்ப்பது எங்ஙனம் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நேர்ந்த இடர்

இராகலைப் பகுதிப் பாடசாலையொன்றில் பழைய கணினி ஒன்றின் வன்தட்டு பழுதுற்றது. வேறொரு வன்தட்டைப் பொருத்தி, கையிலிருந்த இறுவட்டைக் கொண்டு விண்டோஸ் 7 முறைமையை மீண்டும் நிறுவினேன். திரை ஒளிர்ந்தது; விசைப்பலகை இயங்கியது; ஆனால் இணையம் மட்டும் வரவில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பத்தை இணையவழியே அனுப்ப வேண்டிய மாணவியர் இருவர் அந்தக் கணினியை நம்பியிருந்தனர். அவர்தம் இல்லமோ தோட்டத்து லயம். அங்கே கணினி ஏது? முடிவுத் திகதிக்கு ஐந்து நாட்களே எஞ்சியிருந்தன.

இங்கே எழும் சிக்கல் விந்தையானது. செலுத்தி இணையத்தில் உள்ளது. இணையத்தை அடையவோ செலுத்தி வேண்டும். பூட்டிய பெட்டிக்குள்ளே அதன் திறவுகோல் கிடப்பது போன்ற நிலை இது.

செலுத்தி இல்லாமற் போவது ஏன்?

ஒரு பணிசெயல் முறைமை வெளிவரும்போது, அந்நாள்வரை வழக்கிலிருந்த சாதனங்கள் பலவற்றுக்கான செலுத்திகள் அதனுடன் சேர்த்தே தரப்படுகின்றன. பின்னர்ப் பிறக்கும் சாதனங்களை அது அறியாது. 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, அக்காலத்தே பெருவழக்காயிருந்த ரியல்டெக் 8139 என்னும் அட்டையைத் தானே இனங்காணும். பின்வந்த 8168 என்பதை இனங்காணாது. 2009 இல் வெளிவந்த விண்டோஸ் 7 முறைமைக்கும், அதன்பின் தோன்றிய அட்டைகளைப் பொறுத்தவரை இதுவே கதி.

அங்ஙனமாயின் புதிய செலுத்தி எதையேனும் இட்டால் போதாதோ எனின், போதாது. வலையமைப்புச் செலுத்தியும் பணிசெயல் முறைமையும் உரையாடுவதற்கு வகுக்கப்பட்ட விதிமுறை ஒன்று உண்டு. அதன் பதிப்பு எக்ஸ்பியில் 5.1, விஸ்டாவில் 6.0, விண்டோஸ் 7 இல் 6.20 என வளர்ந்து வந்துள்ளது. பிற்கால முறைமைக்கென எழுதப்பட்ட செலுத்தி, முற்காலத்து முறைமையில் இல்லாத பணிகளைக் கேட்டு நிற்கும். அன்றியும், 32 பிற்று முறைமைக்குரிய செலுத்தி 64 பிற்று முறைமைக்கு உதவாது.

அட்டையின் பெயரை அறிதல்

முதலில் செய்யற்பாலது அட்டை யாதெனத் துணிதல். கணினியின் மேற்புறத்தில் ஒட்டியுள்ள பெயரை நம்புதல் கூடாது. ஒரே பெயருடைய கணினிகளிலும் வெவ்வேறு அட்டைகள் இருப்பதுண்டு. 'சாதன மேலாளர்' என்னும் பகுதியைத் திறந்தால், செலுத்தியற்ற சாதனத்தின் அருகே மஞ்சட் குறி தோன்றும். அதன் இயல்புகளுள் 'விவரங்கள்' என்னும் பக்கத்தில் 'வன்பொருள் அடையாளம்' என்றிருப்பதைத் தெரிவு செய்க. அங்கே நான்கு இடங்கொண்ட பதினறும எண்கள் இரண்டு காணப்படும். முதலாவது உற்பத்தியாளரைக் குறிப்பது. இரண்டாவது சாதனத்தைக் குறிப்பது. இன்டெல் நிறுவனத்தின் எண் 8086; அந்நிறுவனம் 1978 இல் வெளியிட்ட புகழ்பெற்ற நுண்செயலியின் எண்ணும் இதுவே. ரியல்டெக்கின் எண் 10ஈசி. இவ்விரு எண்களையும் தாளில் எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

செலுத்திப் பொதியினுள் 'ஐ.என்.எஃப்.' என முடியும் பெயருடைய கோப்பு ஒன்று இருக்கும். அது தோட்டத்துச் செக்ரோல் போன்றது. செக்ரோலில் பெயரில்லாதவருக்குப் பிரட்டிலே வேலை கொடுபடாதவாறு போல, இக்கோப்பில் எண் இடம்பெறாத அட்டையை அச்செலுத்தி ஏற்காது. சாதாரண எழுத்துக் கோப்பாகையால் இதனை எவரும் திறந்து பார்க்கலாம். நிறுவுமுன் நம் அட்டையின் எண் அதிலுண்டோ என நோக்குதல் வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

மூன்று பயணங்கள்

மேற்கூறியவற்றை யான் முன்னரே அறிந்திருந்தேனல்லன். முதல்நாள் பேருந்தேறி நுவரெலியா சென்று, அட்டையின் பெயரை மட்டும் கொண்டு ஒரு செலுத்தியைப் பென்னில் ஏற்றி வந்தேன். அது விண்டோஸ் 10 முறைமைக்குரியது; பயன்படவில்லை.

இரண்டாம் நாள் விண்டோஸ் 7 முறைமைக்கென்றே குறிக்கப்பட்டவற்றுள் மிகப் புதியதைத் தேர்ந்தெடுத்து வந்தேன். நிறுவல் முடிந்தது, மஞ்சட் குறியோ நீங்கவில்லை. முன்னர் 28 என்றிருந்த பிழையெண் இப்போது 52 ஆயிற்று. 28 என்பது செலுத்தி இல்லை என்பதையும், 52 என்பது செலுத்தியின் கையொப்பத்தைச் சரிபார்க்க இயலவில்லை என்பதையும் உணர்த்துவன. 64 பிற்று விண்டோஸ் 7, தக்க மின்கையொப்பமில்லாத செலுத்தியை இயக்குவதில்லை. கையொப்பமிடும் முறையோ இடையில் மாறிவிட்டது. புதிய செலுத்திகள் 'ஷா-2' என்னும் முறையில் ஒப்பமிடப்பட்டவை. அதனைப் படிக்கும் ஆற்றல் விண்டோஸ் 7 முறைமைக்குப் பின்னாளைய இற்றைப்படுத்தல் வழியாகவே வந்தது. பழைய இறுவட்டிலிருந்து நிறுவிய முறைமைக்கு அவ்வாற்றல் இல்லை. செலுத்தி நல்லதே, அதன் ஒப்பத்தைப் படிக்கும் கண் இங்கில்லை.

மூன்றாம் நாள், அதே அட்டைக்குரிய பழைய பதிப்பைக் கொணர்ந்தேன். சாதன மேலாளரில் 'செலுத்தியை இற்றைப்படுத்து' என்பதைத் தெரிந்து, 'இக்கணினியில் தேடு' எனக் கூறி, பென்னிலிருந்த கோப்புறையைக் காட்டினேன். சில நொடிகளில் மஞ்சட் குறி மறைந்தது.

இருந்தும் இணையப் பக்கங்கள் திறக்கவில்லை. கணினியின் முகவரியை நோக்கினேன். அது 169.254 என்று தொடங்கியிருப்பின், செலுத்தி செவ்வனே இயங்குகிறது, வழிப்படுத்தியிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை, ஆகவே வடத்தையே ஆராய்தல் வேண்டும் என்று கொள்ளலாம். இங்கே முகவரி சரியாகவே இருந்தது. பிழை கடிகாரத்தில் இருந்தது. தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலம் செயலிழந்தமையால் ஆண்டு பின்னோக்கிச் சென்றிருந்தது. தளங்களின் சான்றிதழ்கள் காலவரையறை உடையன. கணினியின் திகதி தவறாயின் அவை செல்லாதனவாகத் தோன்றும். திகதியைத் திருத்தியதும் பக்கம் திறந்தது. விண்ணப்பங்கள் இரண்டும் அன்று மாலையே சென்று சேர்ந்தன.

கற்றுக்கொண்டவை

வன்தட்டை அழிக்குமுன், அது படிக்கக்கூடிய நிலையிலிருப்பின், 'விண்டோஸ்' கோப்புறையினுள், 'சிஸ்டம்32' என்பதன் கீழுள்ள 'டிரைவர்ஸ்டோர்' கோப்புறையைப் பிரதி செய்துகொள்க. முன்பு இயங்கிய செலுத்தி அங்கேயே கிடைக்கும்.

பென்னைச் செருகும்போது நீலநிறத் துளையைத் தவிர்த்து, கறுப்புநிறத் துளை இருப்பின் அதனையே நாடுக. நீலமானது பெரும்பாலும் யூ.எஸ்.பி. 3 வகை, விண்டோஸ் 7 முறைமையில் அதற்கும் செலுத்தி இயல்பாக இல்லை.

செலுத்தியைக் கணினி உற்பத்தியாளரிடமோ அட்டை உற்பத்தியாளரிடமோ பெறுக. 'எல்லாச் செலுத்திகளும் ஒரே சொடுக்கில்' எனக் கூவும் தளங்கள் வேண்டாப் பொருளையும் உடன் புகுத்துவதுண்டு.

அண்ட்ராய்டுக் கைப்பேசியை வடத்தால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் வழியும் உண்டு. விண்டோஸ் 7 பெரும்பாலும் இதனை ஏற்கும். அன்றேல், கைப்பேசியிலேயே செலுத்தியைப் பதிவிறக்கிக் கணினிக்கு மாற்றலாம். சைகை கிடைக்கும் மேட்டில் ஏறிநின்று இதனைச் செய்திருந்தால் என் பயணங்கள் மிஞ்சியிருக்கும்.

ஈற்றில் ஓர் எச்சரிக்கை கூறுதல் கடன். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 ஆந் திகதியும், விண்டோஸ் 7 முறைமைக்கான பொது ஆதரவு 2020 சனவரி 14 ஆந் திகதியும் முடிவுற்றன. அவற்றில் இன்று காணப்படும் ஓட்டைகளை அடைப்பார் இலர். வங்கிக் கணக்கு முதலியவற்றை அக்கணினிகளில் திறவாதிருத்தல் நன்று. இயலுமாயின் லினக்ஸ் முறைமைக்கு மாறுதல் இன்னும் நன்று. அதன் கருவினுள்ளேயே பழைய வலையமைப்பு அட்டைகள் பலவற்றுக்கான செலுத்திகள் அடங்கியுள்ளன.

புதிய கணினி வாங்க வசதியுள்ள இடங்களில் இவையெல்லாம் வேண்டாத வேலையாகத் தோன்றலாம். மலையகப் பாடசாலைகள் பலவற்றில் பழையதைப் பேணியே பயில வேண்டியுள்ளது. பெட்டி பழையதாயினும், அதன்வழிச் செல்லும் விண்ணப்பம் ஒரு பிள்ளையின் எதிர்காலமன்றோ? எண்கள் இரண்டை எழுதிக்கொள்ளும் சிறு கவனம், அதனைக் காலத்தில் கொண்டு சேர்க்க வல்லது.