ரக்பி: பந்தைத் தொடும் முன் விழப் பழகுங்கள்

கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக 1945 முதல் மோதி வருகின்றன. அப்படிப்பட்ட ஆட்டங்களைப் பார்த்து ஆசையோடு மைதானத்துக்கு வரும் பிள்ளைகள் முதலில் தேடுவது பந்தை. உண்மையில் முதல் பாடம் விழுவதுதான்.

விழும் முறை

கீழே சாயும்போது கையை ஊன்றத் தோன்றும். மணிக்கட்டும் காறை எலும்பும் முறிவது அங்கேதான். பந்தை நெஞ்சோடு அணைத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கி, முழங்கால், இடுப்பு, தோள் என்ற வரிசையில் பக்கவாட்டில் சரிய வேண்டும். இதை மண்டியிட்டபடியே தொடங்கலாம். பிறகு நடந்து, அதன் பின் மெதுவாக ஓடி.

டாக்கிளில் தலை எங்கே?

ரக்பியில் அதிகக் காயம், பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் டாக்கிளில்தான், பிடிப்பவருக்கும் சேர்த்து. ஓடி வருபவரின் முன்னால் தலை குறுக்கே போனால் அவரது முழங்காலோ இடுப்போ நேராக மண்டையில் மோதும். கண்ணை மூடாதீர்கள், தரையையும் பார்க்காதீர்கள். முதுகு நிமிர்ந்திருக்க, தோள் அவர் தொடையில் பட வேண்டும். உங்கள் கன்னம் அவர் இடுப்புக்குப் பின்பக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். பிறகு இரு கைகளாலும் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். இது கைவராத பிள்ளையைப் போட்டியில் இறக்கும் பயிற்சியாளரை நான் ஏற்கமாட்டேன். அதுவரை, பிடித்து வீழ்த்தாமல் தொடுவதோடு நிற்கும் டச் ரக்பி ஆடட்டும்.

பல்லுக்குப் பொருத்தமான மவுத் கார்டு கட்டாயம். பஞ்சு வைத்த தலைக்கவசம் கீறலையும் காது காயத்தையும் குறைக்கும். மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

தலையில் அடிபட்டால்

மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்பதில்லை. தலைவலி, தள்ளாட்டம், மங்கிய பார்வை, ஸ்கோரைக் கேட்டால் திகைப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைய ஆட்டம் முடிந்தது. 2011-இல் வட அயர்லாந்தில், தலையில் அடிபட்ட பிறகும் தொடர்ந்து ஆடிய 14 வயது மாணவன் இறந்துபோனான். முதல் அதிர்ச்சியிலிருந்து மூளை தேறும் முன்பே மறுபடி அடி விழுந்துவிட்டது.

பிரிட்டன் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூளை அதிர்ச்சி கண்டவர் 21 நாட்களுக்கு முன் போட்டிக்குத் திரும்பக் கூடாது. முதல் ஓரிரு நாள் ஓய்வு. செல்போன் திரையையும் குறைக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் உடனே மருத்துவமனை. கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்திருக்கிறது என்றால் தூக்கி நிறுத்தாமல், கழுத்து அசையாதபடி கிடந்த நிலையிலேயே வைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள்.